வேலையில் இருக்கும்போதே வரும் பின்னணிச் சரிபார்ப்பு: ஊழியருக்கான படிப்படி வழிகாட்டி

சென்னையில் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. எங்கள் குழுவின் புதிய வாடிக்கையாளர் ஒரு வங்கி என்பதால் குழுவில் உள்ள எல்லோருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு, அதாவது படிப்பு, பழைய வேலை, முகவரி, வழக்கு ஆகியவற்றைப் பற்றிய விசாரணை, மறுபடியும் நடக்கும் என்றும், பத்து வேலை நாட்களுக்குள் ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. வேலையில் சேர்ந்தபோதே ஒரு முறை முடிந்துவிட்டதால் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து, பழைய கோப்பில் கிடந்ததை அப்படியே ஏற்றிவிட்டேன். அது முடிவதற்குப் பதினோரு வாரங்கள் ஆயின. நான் எதையும் மறைக்கவில்லை. நான் முதலில் வேலை பார்த்த கோயம்புத்தூர் நிறுவனம் மூடப்பட்டிருந்தது. வருங்கால வைப்பு நிதிப் பதிவில் அங்கிருந்து நான் விலகிய தேதி காலியாகக் கிடந்தது. ஆகவே எட்டு ஆண்டுகளாக நான் இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் வேலை பார்ப்பதாக அறிக்கை சொன்னது.

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனங்களில், குறிப்பாக மென்பொருள், பிபிஓ, வங்கி சார்ந்த பணிகளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகச் சேருபவரின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பையில், ஒரே ஆண்டில் எடுத்தவையாக இருக்கும். பல ஆண்டுகள் வேலை பார்த்தவரின் ஆவணங்களோ வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் உருவானவை; அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் குழுவில் இருபத்தொரு பேரில் ஏழு பேருக்குச் சிக்கல் வந்தது. ஏழும் தேதியாலும் பெயராலும் வந்தவையே தவிர, ஒன்றுகூடப் பொய்யால் வந்ததில்லை.

1. மின்னஞ்சல் உண்மையானதுதானா என்று உறுதிசெய்யுங்கள்

சரிபார்ப்பை உங்கள் நிறுவனம் நேரடியாகச் செய்யாது. ஒரு முகமை செய்யும். அதனால் அறிமுகமில்லாத முகவரியிலிருந்து ஆதார், பான், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கேட்டு மின்னஞ்சல் வருவது இயல்பு. மோசடிக்காரர்களுக்கும் இதுவே வசதி. இணைப்பைத் தொடுவதற்கு முன், நிறுவனத்தின் உள் தளத்திலோ மனிதவளப் பிரிவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமோ அந்த முகமையின் பெயரையும் உங்கள் கோப்பு எண்ணையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சரிபார்ப்புக் கட்டணத்தை உங்களிடம் கேட்டால் உடனே நிறுத்திக்கொள்ளுங்கள். அதை நிறுவனம்தான் ஏற்கும். தொலைபேசியில் யார் கேட்டாலும் ஓடிபி எண்ணையும் பி.எஃப். கடவுச்சொல்லையும் சொல்லாதீர்கள். ஆதாரைக் கொடுக்க வேண்டியிருந்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகப் பதிவிறக்கிக் கொடுங்கள். பெரும்பாலான முகமைகள் அதை ஏற்கின்றன.

2. ஒப்புதல் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்

முகமைகள் இதை எல்.ஓ.ஏ. என்பார்கள். என்னென்ன சரிபார்ப்புகள், எவ்வளவு காலத்துக்கு, தகவல் யாருக்கெல்லாம் போகும் என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். 'பணிக்காலம் முழுவதும்' என்ற சொற்கள் இருந்தால், இனி ஒவ்வோர் ஆண்டும் உங்களிடம் கேட்காமலே நீதிமன்றப் பதிவுகளைத் தேடலாம் என்று பொருள். நான் வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட நாற்பது பக்கங்களுக்குள் அந்த வரி இருந்திருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் அதைப் படித்தேன்.

ஒப்புதல் தர மறுத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தனி ஒப்புதல் இன்றித் தரவைக் கையாள இடம் தருகிறது. மறுத்தால் அந்தத் திட்டத்திலிருந்து உங்களை விலக்குவார்கள். வேறு திட்டம் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார நேரிடும். கையெழுத்திடுங்கள், ஆனால் காலி இடங்களை விட்டு வைக்காதீர்கள், தேதி போடுங்கள், ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. எது தாமதமாகுமோ அதை முதல் நாளே தொடங்குங்கள்

நான் செய்த பெரிய பிழை, எளிதாகக் கிடைப்பவற்றை முதலில் சேகரித்ததுதான். பான் அட்டையும் வாடகை ஒப்பந்தமும் ஐந்து நிமிட வேலை. பி.எஃப். திருத்தம் சில நாட்களிலும் முடியலாம், இரண்டு மாதமும் இழுக்கலாம். பல்கலைக்கழகச் சரிபார்ப்பு இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். பழைய வங்கி அறிக்கைக்குக் கிளையில் எனக்குப் பத்து நாட்கள் ஆயின. காவல் துறைச் சரிபார்ப்புக்கு இரண்டு வாரங்களாவது ஒதுக்குங்கள். முகவரிச் சரிபார்ப்பும் நீதிமன்றப் பதிவுத் தேடலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

பத்து நாள் கெடு என்பது ஆவணங்களைப் பதிவேற்றுவதற்கான கெடுதான். எல்லாம் சரியாகிவிட வேண்டிய கெடு அல்ல. கையில் இல்லாத ஆவணத்துக்கு, அதற்கு விண்ணப்பித்த ரசீதை ஏற்றி, எப்போது கிடைக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். காலியாக விட்டால் முகமை 'இன்சஃபிஷியன்சி', அதாவது ஆவணம் போதவில்லை என்று குறிக்கும். அந்தக் குறிப்பு மூன்று முறை வந்தால் என் நிறுவனத்தில் அது மேலாளரின் மேலாளருக்குப் போகும்.

4. பி.எஃப். சேவை வரலாறு: மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நேரம் ஒதுக்குங்கள்

முகமைகள் முதலில் பார்ப்பது இதைத்தான். வருங்கால வைப்பு நிதியின் உறுப்பினர் தளத்தில், வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான யூஏஎன்னால் உள்ளே போய், 'வியூ' என்ற பட்டியலில் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யைத் திறந்தால், இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு நிறுவனமும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் வரிசையாக வரும். அதை அச்செடுத்து, பக்கத்தில் உங்கள் விடுவிப்புக் கடிதங்களை வைத்து, தேதிக்குத் தேதி ஒப்பிடுங்கள். மூன்று வகைக் குறைகள் தென்படும்.

முதலாவது, விலகிய தேதி காலியாக இருப்பது. நிறுவனம் அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதங்கள் கடந்த பிறகு நீங்களே பதிவு செய்யலாம். 'மேனேஜ்' பட்டியலில் 'மார்க் எக்ஸிட்' என்று இருக்கும். ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி போதும், கட்டணம் இல்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். கடைசிப் பங்களிப்பு எந்த மாதத்துக்கு வந்ததோ அந்த மாதத்துக்குள் உள்ள தேதியைத்தான் தளம் ஏற்கும். ஒரு முறை பதிந்தால் எளிதில் மாற்ற முடியாது. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் பழைய நிறுவனம் மூடப்போகும் தறுவாயில் கடைசி இரண்டு மாதப் பங்களிப்பைக் கட்டவே இல்லை. விடுவிப்புக் கடிதத்தில் 2016 ஜனவரி என்று இருக்க, தளமோ 2015 நவம்பருக்கு மேல் என்னை நகரவிடவில்லை. ஜனவரி என்ற தேதியைக் காப்பாற்ற வழி தேடாமல், நவம்பர் என்றே பதிந்து, அந்த இரண்டு மாதச் சம்பளம் வந்ததற்கான வங்கி அறிக்கையைத் தனியாகக் கொடுத்ததுதான் கடைசியில் பலித்தது. மேலாளர் சொன்ன யோசனையைக் கேட்டு இதை முதல் வாரமே செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது. ஜூன் 14 அன்று நீங்கள் விடுவிக்கப்பட்டு, ஜூன் 17 அன்று புதிய இடத்தில் சேர்ந்திருப்பீர்கள். பழைய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மாதக் கடைசியை, அதாவது ஜூன் 30ஐ விலகிய தேதியாக எழுதியிருக்கும். பதினான்கு நாட்கள் இரட்டை வேலை என்று அறிக்கை சொல்லும். இதற்கு விடுவிப்புக் கடிதத்தில் உள்ள 'கடைசி வேலை நாள்' என்ற வரிதான் மருந்து. அந்தக் கடிதத்தை ஏற்றும்போதே 'பி.எஃப். பதிவில் மாதக் கடைசி எழுதப்பட்டுள்ளது, உண்மையான கடைசி நாள் இது' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொல்லும் அதே விளக்கம் சாக்காகத்தான் தோன்றும்.

மூன்றாவது, பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி ஆகியவற்றில் பிழை. 2017 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ ஆதார் வழியாக வழங்கப்பட்ட யூஏஎன் என்றால், 2025 ஜனவரியிலிருந்து இவற்றில் பெரும்பாலானவற்றை நிறுவனத்தின் ஒப்புதல் இன்றி நீங்களே இணையத்தில் திருத்தலாம். அதற்கு முந்தைய யூஏஎன் என்றால் கூட்டு உறுதிமொழி என்ற விண்ணப்பத்தை நிறுவனம் அங்கீகரிக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் விண்ணப்பத்தைத் தாளில் எழுதி, நோட்டரி, பதிவு பெற்ற அரசு அதிகாரி போன்ற ஒருவரின் சான்றொப்பம் பெற்று வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் அவர்கள் நடத்தும் குறைதீர் முகாமுக்குப் போனால், விண்ணப்பத்தில் என்ன குறை என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். முகாம் நடக்கும் இடத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

5. மூடப்பட்ட அல்லது பதில் தராத பழைய நிறுவனம்

முகமை மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பும். பதில் இல்லையென்றால் 'யூடிவி', அதாவது சரிபார்க்க இயலவில்லை என்று எழுதும். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனாலும் அறிக்கையில் பச்சை, அதாவது சிக்கல் இல்லை என்ற குறி, விழாது. மாற்றுச் சான்றுகளை நீங்கள்தான் அடுக்க வேண்டும்.

நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், அது பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்ற நிலை தெரியும். அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்றான படிவம் 16 இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வருமான வரித் தளத்தின் வழியே படிவம் 26ஏஎஸ் எடுக்கலாம். 2009-10 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கிடைக்கிறது, இலவசம், சம்பளத்தில் வரி பிடித்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் தொகையும் அதில் இருக்கும். ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவாக இருந்து வரியே பிடிக்கப்படாதிருந்தால் அந்த ஆண்டு 26ஏஎஸ் வெறுமையாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அப்போது வங்கி அறிக்கை ஒன்றே வழி. சம்பளக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பத்தாண்டு பழைய அறிக்கை இணையத்தில் வராது. கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, வங்கி சொல்லும் கட்டணத்தைச் செலுத்தி, முத்திரையுடன் வாங்க வேண்டும். சம்பளம் வந்த வரிகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கறுப்பு மையால் மறைத்துக் கொடுத்தேன், முகமை ஏற்றுக்கொண்டது.

அனுபவக் கடிதம் 'ஏற்பாடு செய்து தரும்' தரகர்கள் வேளச்சேரியிலும் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் இருக்கிறார்கள். உண்மையாகவே வேலை பார்த்த நிறுவனத்தின் கடிதம் தொலைந்துபோனதற்காகக்கூட அவர்களிடம் போகாதீர்கள். 'யூடிவி' என்பதை விளக்கிச் சரிசெய்யலாம். போலிக் கடிதம் பிடிபட்டால் உண்மையான அனுபவமும் சேர்ந்து அழியும்.

6. பெயரும் இனிஷியலும்

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் வரும் சிக்கல் இது. வடக்கே இருந்து சரிபார்ப்பவருக்கு எளிதில் புரியாது. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு பெயர். பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருப்பதால் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அதுவே வேறு வரிசையில். ஆதாரில் எதுவுமில்லாமல் வெறும் பெயர். என் குழுவில் ஒருவருக்குத் திருமணத்துக்குப் பின் வங்கிக் கணக்கில் மட்டும் கணவரின் இனிஷியல் ஏறியிருந்தது. சம்பளம் வேறு யாருக்கோ போகிறது என்று முகமை எழுதிவிட்டது.

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் எல்லா ஆவணங்களிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். இனிஷியல் விரிந்ததும் வரிசை மாறியதும் மட்டுமே வேறுபாடு என்றால், 'இந்தப் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்' என்று முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும். முன்பு இதற்கு 20 ரூபாய்த் தாள். 2024 முதல் தமிழ்நாட்டில் 200 ரூபாய். நோட்டரி கட்டணம் தனி. பெயரே வேறு என்றால்தான் அரசிதழ் அறிவிப்பு தேவை. அது வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இனிஷியல் வேறுபாட்டுக்காக அந்த வேலையில் இறங்காதீர்கள்.

7. கல்விச் சான்றிதழ்: தேறிய ஆண்டைப் பாருங்கள்

அரியர் வைத்திருந்தவர்கள் கவனியுங்கள். படிப்பு முடிந்தது 2012 ஏப்ரல். கடைசித் தாள் தேறியது 2012 நவம்பர் அல்லது 2013 ஏப்ரல். தன்விவரத்தில் 2012 என்று எழுதிப் பழகியிருப்போம். பட்டச் சான்றிதழில் உள்ள மாதத்தையும் ஆண்டையும்தான் பல்கலைக்கழகம் உறுதிசெய்யும். அது உங்கள் படிவத்தோடு ஒத்துப்போகாவிட்டால் 'முரண்பாடு' என்று விழும். பழைய படிவத்தில் தவறாக எழுதியிருந்தால், இந்த முறை சரியாக எழுதிவிட்டு, பழையது ஏன் வேறாக இருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். என் நண்பர் ஒருவர் முந்தைய படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தவறையே மறுபடி எழுதினார். அதுதான் அவருக்கு வினையாயிற்று.

ப்ரொவிஷனல் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பட்டச் சான்றிதழை வாங்காமலே ஆண்டுக்கணக்கில் விட்டவர்கள், உடனே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பியுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல் துறையின் இணையத் தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையைப் பதிவு செய்துவிட்டு, நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சரிபார்ப்புக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய தொகையை முகமைதான் கட்டும்.

8. காவல் துறை, நீதிமன்றப் பதிவுகள்

இங்கே நிறையப் பேர் தவறான சான்றுக்குப் பணம் கட்டுகிறார்கள். பாஸ்போர்ட் அலுவலகம் 500 ரூபாய்க்குத் தரும் காவல் துறைத் தடையின்மைச் சான்று வெளிநாடு செல்வோருக்கானது. உள்ளூர் வேலைக்கு வேண்டியது தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைத் தளத்தில் விண்ணப்பிக்கும் சரிபார்ப்பு. நான் என்னைப் பற்றி விண்ணப்பித்தபோது 500 ரூபாய் கட்டினேன். தனியார் நிறுவனம் தன் ஊழியருக்காக விண்ணப்பித்தால் 1,000 ரூபாய். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் புகைப்படமும் வேண்டும். எதைக் கேட்கிறார்கள் என்று முகமையிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். பல முகமைகளுக்கு நீதிமன்றப் பதிவுத் தேடலே போதும்.

அந்தத் தேடலை நீங்களே முன்கூட்டிச் செய்து பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்து, பெயரை இட்டால் வழக்குகள் வரும், கட்டணம் இல்லை. நம் பெயர்களில் பல ஊருக்கு நூறு பேருக்கு உண்டு. அப்பா பெயரும் ஒத்துப்போய், யாரோ ஒருவரின் அடிதடி வழக்கு உங்கள் கணக்கில் ஏறக்கூடும். அப்படி வந்தால் அந்த வழக்கில் உள்ள வயது, முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்தக் காலத்தில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள் என்பதற்கான சான்றோடு எழுதிக் கொடுங்கள்.

உண்மையாகவே உங்கள் மீது வழக்கு இருந்திருந்தால், படிவத்தின் கேள்வியை மிகக் கூர்ந்து படியுங்கள். 'தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா', 'வழக்கு நிலுவையில் உள்ளதா', 'எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா' என்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். விடுதலை என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலும், காவல் நிலையத்திலேயே மேல் நடவடிக்கை கைவிடப்பட்டிருந்தால் ஆர்.சி.எஸ். அறிவிப்பின் நகலும் கையில் வேண்டும். அரசுப் பணி தொடர்பான அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல், வழக்கின் தன்மையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது என்பதிலிருந்துதான் தொடங்கியது. தனியார் நிறுவனங்களும் இதே கண்ணோடுதான் பார்ப்பதாக என் அனுபவம்.

9. முகவரிச் சரிபார்ப்பு

ஆதாரில் ஊர் முகவரி, குடியிருப்பது சென்னையில் வாடகை வீடு என்பதுதான் நம்மில் பலரின் நிலை. இரண்டையும் தனித்தனியே, நிரந்தரம் என்றும் தற்போதையது என்றும் எழுதுங்கள். தற்போதைய முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், எரிவாயு ரசீது, வங்கி அறிக்கை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். பதினொரு மாத ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தால் புதுப்பித்த பிறகு ஏற்றுங்கள்.

சில முகமைகள் கைபேசிக்கு ஓர் இணைப்பு அனுப்பி, வாசலில் நின்று படமெடுக்கச் சொல்கின்றன. சில ஆளையே அனுப்புகின்றன. எங்கள் வீட்டுக்கு ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒரு பையன் வந்திருக்கிறான், வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டியிடம் என் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ஆறு ஆண்டுகளாக என்னை வீட்டில் கூப்பிடும் பெயரால் மட்டுமே அறிந்த பாட்டி, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் அறிந்தவரை அது உண்மைதான். மறுநாள் அறிக்கையில் 'குடியிருப்பவர் இல்லை' என்று வந்து, மறுபடி ஆள் வருவதற்கு ஒன்பது நாட்கள் ஆயின. வீட்டு உரிமையாளரிடமும், பக்கத்து வீட்டாரிடமும், காவலாளியிடமும் உங்கள் ஆவணப் பெயரைச் சொல்லி வையுங்கள். ஊர் முகவரிக்கும் ஆள் போவார் என்பதால் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்; விசாரிக்க ஆள் வந்ததைப் பார்த்து அவர்கள் பதறக் கூடாது.

10. கடன் அறிக்கை

உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வங்கியாகவோ காப்பீட்டு நிறுவனமாகவோ இருந்தால் மட்டுமே பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகத் தெரிந்தால் வங்கியிடமும் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமும் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

11. அறிக்கையில் சிவப்போ மஞ்சளோ விழுந்தால்

முதலில் அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். 'உங்கள் பிஜிவி (பின்னணிச் சரிபார்ப்பு) ஃபெயில்' என்று தொலைபேசியில் சொல்வதை வைத்துக்கொண்டு பதில் எழுத முடியாது. எந்தச் சரிபார்ப்பில், யார் சொன்ன எந்தத் தகவலால் முரண்பாடு வந்தது என்று தெரிய வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, மரியாதையாகக் கேட்டாலே பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

பதிலை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முரண்பாட்டை அவர்கள் எழுதிய சொற்களிலேயே முதலில் எழுதி, அதற்குக் கீழே உண்மை நிலை, அதற்குக் கீழே இணைப்புச் சான்றுகளின் வரிசை எண். என் முதல் பதில் நான்கு பக்கம்; மூடிய நிறுவனம் எங்களை எப்படி நடத்தியது என்பதெல்லாம் அதில் இருந்தது. யாரும் படிக்கவில்லை. மூன்றாவது முறை, ஒரு அட்டவணையும் ஐந்து இணைப்புகளும் மட்டும் கொடுத்தேன். நான்கு நாட்களில் பச்சை விழுந்தது.

இந்த நிலையில் சிலரிடம், 'நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் கடிதத்தில் ஒன்றும் எழுத மாட்டோம்' என்று சொல்லப்படுகிறது. அன்றே கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், தூங்குங்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நடத்தைக் குற்றம் என்று சொல்லி முன்னறிவிப்பின்றி நீக்க வேண்டுமானால், அதற்கென்று விசாரணை நடத்திச் சான்று பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் அதே பிரிவில் வழி உண்டு. ராஜினாமாவில் கையெழுத்திட்டவருக்கு இந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். அந்த அறையில் உங்கள் எதிரே இருப்பவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் இதை நினைவில் வையுங்கள்.

12. முடிந்த பிறகு

சரிபார்ப்பு முடிந்தது என்று தளத்தில் பச்சை தெரிந்தால் மட்டும் போதாது. 'கோப்பு மூடப்பட்டது' என்ற மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி, சொந்த மின்னஞ்சலிலும் சேமித்து வையுங்கள், அதில் நிறுவன ரகசியம் எதுவும் இல்லாதவரை. எந்தெந்த மாற்றுச் சான்றுகளை ஏற்றார்கள் என்ற பட்டியலையும் அதோடு வையுங்கள். அடுத்த வாடிக்கையாளருக்கு வேறொரு முகமை வரும், அதற்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. எனக்கு இரண்டாவது முறை வந்தபோது கோயம்புத்தூர் நிறுவனத்தைப் பற்றிய கேள்வி அதே சொற்களில் மறுபடியும் வந்தது. அந்த ஐந்து இணைப்புகளையும் அன்று மாலையே அனுப்பினேன். ஆறாவது நாள் மூடிவிட்டார்கள்.